படம் பாதி, பக்கம் மீதி

2012 ஜனவரி மாதக் கணக்கு ஒன்று அமெரிக்க இணைய வட்டாரத்தைத் திகைக்க வைத்தது. இணையதளங்களுக்கு எந்தெந்த இடத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்று எண்ணிச் சொல்லும் பாஸ்டன் நிறுவனமான ஷேரஹாலிக் வெளியிட்ட கணக்கு அது. கூகுள் பிளஸ், யூடியூப், லிங்க்ட்இன் மூன்றும் சேர்ந்து அனுப்பிய ஆட்களைவிட, பின்டரெஸ்ட் தனியாக அனுப்பியவர்கள் அதிகம் என்றது. அப்போது பின்டரெஸ்டுக்கு இரண்டு வயதுகூட நிரம்பவில்லை. யாராவது அழைத்தால்தான் உள்ளேயே நுழைய முடியும். வெறும் படங்களை ஒட்டிவைக்கும் இடம், சமையலும் தையலும் வீட்டு அலங்காரமும் பார்க்கிறவர்களின் பொழுதுபோக்கு என்று பலர் ஒதுக்கிய தளம்தான் அந்தக் கூட்டத்தை அனுப்பிக்கொண்டிருந்தது.

இன்று நியூ ஜெர்சியின் எடிசனிலோ டெக்சாஸின் பிளேனோவிலோ உட்கார்ந்து சமையல் தளமோ கோலத் தளமோ நடத்தும் தமிழருக்கும் இதே கேள்விதான். படத்தைப் பகிர்ந்தால் ஆள் வருமா? வரும். ஆனால் எல்லாப் படமும் ஆளைக் கூட்டி வருவதில்லை; சில படங்கள் பார்த்த இடத்திலேயே வேலையை முடித்துக்கொண்டு, நம் பக்கத்துக்கு யாரையும் அனுப்புவதில்லை. இந்த வித்தியாசம் அதிர்ஷ்டத்தால் வருவதன்று. ஒரு படம் இணையத்தில் போகும் பாதையைப் பார்த்தால் காரணம் தெரியும். டெக்சாஸ், நியூ ஜெர்சி, கலிபோர்னியாவின் பே ஏரியா மூன்றையும் தொட்டுச் செல்கிறது அந்தப் பாதை. சென்னையின் கிண்டியையும்தான்.

முதலில் எடை. 1.2 கோடி பிக்சல் கொண்ட கைபேசிப் படத்தை அப்படியே வைத்திருந்தால், பிக்சலுக்கு மூன்று பைட் வீதம் 36 மெகாபைட் ஆகும். அதைச் சில மெகாபைட்டாகச் சுருக்கித் தருவது ஜேபெக் முறை. 1992இல் வந்த அந்தத் தரநிலையின் இதயம், 1974 ஜனவரியில் ஐஇஇஇ கணினி இதழில் வெளியான சில பக்கக் கட்டுரை. எழுதியவர்கள் மூவர்: நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ். அகமது பெங்களூரில் பொறியியல் படித்துவிட்டுக் கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானவர். நடராஜன் அவருடைய ஆய்வு மாணவர். ராவ் கிண்டி பொறியியல் கல்லூரியில் 1952இல் பட்டம் பெற்று, பிறகு டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆர்லிங்டன் வளாகத்தில் பல பத்தாண்டுகள் கற்பித்தவர், 2021இல் காலமானார். இந்த ஆய்வுக்குப் பணம் கேட்டு அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளைக்கு அகமது விண்ணப்பித்தபோது, யோசனை ரொம்ப எளிமையாக இருக்கிறது என்று மறுத்துவிட்டார்கள். அந்தக் கோடையில் அவர் சம்பளமில்லாமல் வேலை பார்த்தார்.

எளிமையானதுதான். படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கட்டங்களாக வெட்டிக்கொள்கிறார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் 64 எண்கள். அவற்றை அப்படியே எழுதாமல், கொசைன் அலைகளின் கூட்டாக மாற்றி எழுதுகிறார்கள். மெதுவாக ஏறி இறங்கும் அலைகள் படத்தின் பெரிய வடிவத்தைச் சுமக்கின்றன. வேகமாகத் துடிக்கும் அலைகள் நுணுக்கங்களை. நம் கண்ணுக்கு முன்னது முக்கியம், பின்னது அவ்வளவாக இல்லை. ஆகவே பின்னதன் பெரும்பகுதியைத் தூக்கி எறிந்துவிடலாம். நிறத்திலும் அப்படித்தான். வெளிச்ச வேறுபாட்டைக் கூர்மையாகப் பார்க்கும் கண், நிற வேறுபாட்டில் தாராளமாக விட்டுக்கொடுக்கும். மூலப்படத்தில் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கினாலும் பார்ப்பவருக்குப் பெரிதாக எதுவும் தெரியாது.

எழுத்து மட்டும் இதற்கு ஒத்துவராது. எழுத்தின் ஓரம் சட்டென்று கறுப்பிலிருந்து வெள்ளைக்குத் தாவுவது. அந்தத் தாவலைச் சொல்ல வேக அலைகள் எல்லாமே வேண்டும். பல கை மாறி வரும் வாட்ஸ்அப் காலை வணக்கப் படங்களில் எழுத்தைச் சுற்றிப் பூச்சி மொய்த்தாற்போல் அழுக்குப் படிந்திருப்பது இதனால்தான். ஒவ்வொரு முறை சுருக்கும்போதும் இன்னும் கொஞ்சம் வேக அலைகள் போய்விடுகின்றன. படத்தின்மேல் தலைப்பெழுதிப் பகிர்கிறவர்களிடம் எழுத்தைப் பெரிதாகவும் தடிமனாகவும் வைக்கச் சொல்வதற்கு அழகுணர்ச்சியைவிடப் பெரிய காரணம் இது. தமிழில் புள்ளியும் கொம்பும் சுழியும் கரைந்துபோனால் சொல்லே மாறிவிடும்.

எடை குறைந்த படம் பகிரும் தளத்துக்கு மட்டுமல்ல, நம் தளத்துக்கும் வேண்டும். படத்தைத் தொட்டு வருகிறவர் கையில் கைபேசி இருக்கிறது, ஒருவேளை கடை வரிசையில் நிற்கிறார். பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவுகோல். பெரும்பாலான பக்கங்களில் அந்த முக்கியப் பகுதி ஒரு படம்தான்.

அடுத்து, இயந்திரம் அந்தப் படத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். இந்தக் கண் பெரும்பாலும் நியூ ஜெர்சியில் திறந்தது. ஹோம்டெல் ஊரில் இருந்த பெல் ஆய்வகத்தில் யான் லெகன் குழு 1989இல் கையால் எழுதிய அஞ்சல் குறியீட்டு எண்களைக் கணினியை வாசிக்க வைத்தது. பயிற்சிக்குப் பயன்பட்டவை பஃபலோ நகர அஞ்சலகம் வழியாகப் போன உறைகளில் இருந்த எண்கள். சிறு சல்லடை போன்ற வடிகட்டி ஒன்றைப் படம் முழுக்க நகர்த்தி, எங்கே கோடு, எங்கே வளைவு என்று முதலில் கண்டு, அவற்றைச் சேர்த்துப் பெரிய வடிவங்களை அடுக்கடுக்காக அறியும் முறை அது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து அதே மாநிலத்தின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய இமேஜ்நெட் திட்டம் இந்தக் கண்ணுக்குத் தீனி போட்டது. ஃபே ஃபே லீ தலைமையில் 1.4 கோடிக்கும் அதிகமான படங்கள் திரட்டப்பட்டு, 167 நாடுகளைச் சேர்ந்த ஆட்கள் இணையக் கூலிக்கு உட்கார்ந்து இது நாய், இது நாற்காலி என்று பெயரிட்டார்கள். 2012இல் டொரான்டோ குழுவொன்று லெகன் வழியில் கட்டிய செயற்கை நரம்பு வலையை இந்தப் படங்களில் பயிற்றுவித்துப் படங்களை அடையாளம் காணும் போட்டிக்குக் கொண்டுவந்தபோது, இரண்டாம் இடத்தின் பிழை 26.2 விழுக்காடாக இருக்க, இவர்களுடையது 15.3. அதற்குப் பிறகு யாரும் பழைய முறைகளுக்குத் திரும்பவில்லை.

இமேஜ்நெட்டின் வகைப்பாடு, பிரின்ஸ்டனிலேயே உருவான வேர்ட்நெட் என்ற ஆங்கிலச் சொற்களஞ்சியத்தின்மேல் கட்டியது. அதாவது இயந்திரத்தின் கண் ஆங்கிலப் பெயர்களோடு பிறந்தது. இதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இனி பே ஏரியா. பென் சில்பர்மன், பால் சியாரா, எவன் ஷார்ப் மூவரும் பாலோ ஆல்டோவில் தொடங்கிய பின்டரெஸ்ட் 2010 மார்ச்சில் வெளியே வந்தது. அதற்கு முன் சில்பர்மனும் சியாராவும் டோட் என்ற கடைச் செயலி ஒன்றைச் செய்து பார்த்துத் தோற்றிருந்தார்கள். அதில் மக்கள் எதையும் வாங்கவில்லை. பிடித்த பொருட்களின் படங்களைப் பிறகு பார்க்கலாம் என்று சேர்த்து மட்டும் வைத்தார்கள். அந்தச் சேர்த்து வைக்கும் பழக்கத்தையே தொழிலாக்கியதுதான் பின்டரெஸ்ட். ஆரம்பத்தில் ஆளே வரவில்லை. சில்பர்மன் முதல் சில ஆயிரம் பயனர்களுக்குத் தானே கடிதம் எழுதினார், தன் தொலைபேசி எண்ணையும் கொடுத்தார். 2010 மே மாதம் வீட்டு அலங்காரம் எழுதும் தளக்காரர்கள் சங்கிலி போல ஒருவர்பின் ஒருவராகத் தங்கள் வாசகர்களைப் பின்டரெஸ்டுக்கு அழைத்து வந்தார்கள். சிறு தளங்கள்தான் முதலில் பின்டரெஸ்டுக்குக் கூட்டம் சேர்த்துக் கொடுத்தன; அந்தக் கடன் திரும்பி வந்ததைத்தான் 2012 கணக்கு காட்டியது. 2024இல் அதன் மாதாந்தரப் பயனர்கள் 50 கோடியைத் தாண்டினார்கள்.

இங்கே ஒருவர் படத்தைச் சேமிக்கும்போது அதை ஒரு போர்டில் போட்டு, அந்தப் போர்டுக்குப் பெயரும் வைக்கிறார். கணிதக் கண்ணில் பார்த்தால் படங்கள் ஒரு பக்கம், போர்டுகள் ஒரு பக்கம், இடையில் கோடுகள். 2018இல் பின்டரெஸ்ட் பொறியாளர்கள் ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் யூரே லெஸ்கோவெச்சுடன் வெளியிட்ட பிக்ஸி என்ற முறை இந்த வலையில் 300 கோடி முனைகளும் 1,700 கோடி கோடுகளும் இருந்ததாகச் சொல்கிறது. நீங்கள் ஒரு படத்தைப் பார்த்ததும் பிக்ஸி அங்கிருந்து நடக்கத் தொடங்கும். அந்தப் படம் இருக்கும் போர்டுகளில் குருட்டாம்போக்கில் ஒன்றுக்குத் தாவும். அந்தப் போர்டில் இருக்கும் இன்னொரு படத்துக்குத் தாவும். அங்கிருந்து வேறு போர்டுக்கு. இப்படி ஆயிரக்கணக்கான தாவல்கள். எந்தப் படங்களை அடிக்கடி மிதித்தோம் என்று எண்ணி, அவற்றை உங்களுக்குக் காட்டும். ஒரே சேவையகம் நொடிக்கு 1,200 பேருக்கு இப்படி நடந்து கொடுத்தது. ஒருவருக்கு ஆகும் நேரம் 60 மில்லி நொடி அளவு.

அதே ஆண்டு வந்த பின்சேஜ் இன்னொரு படி மேலே போனது. படம் எப்படி இருக்கிறது என்பதையும் அதைச் சுற்றி என்னென்ன படங்கள் சேர்க்கப்பட்டிருக்கின்றன என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டது. அதைச் செய்தவர்கள் கொடுத்த உதாரணம் கட்டில் கம்பியும் தோட்ட வேலியும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். ஆனால் யாரும் இரண்டையும் ஒரே போர்டில் போடமாட்டார்கள். நம் ஊரில் சொன்னால் தேன்குழலும் சிக்குக் கோலமும். வெள்ளையாக, வளைந்து வளைந்து, தட்டையான பரப்பில். கண் மட்டும் உள்ள இயந்திரம் தடுமாறலாம். கோலத்தைத் தீபாவளிப் பலகாரப் போர்டில் சேர்க்கிறவர் யாருமில்லை என்பதால் வலையைப் பார்க்கும் இயந்திரம் தப்பிக்கிறது.

இதிலிருந்து படம் பகிர்கிறவர் எடுத்துக்கொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது. பார்த்துவிட்டு இதயக்குறியைத் தட்டிப் போவது வலையில் புதிய கோடு எதையும் வரைவதில்லை, சேமிப்புதான் வரைகிறது. ஆகவே அழகான படத்தைவிட, பிறகு தேவைப்படும் என்று தோன்றுகிற படமே தூரம் போகும். கோடுகள் சேரச் சேரப் படம் புதிய ஆட்களின் கண்ணில் படுவதால், போட்ட அன்றே கூட்டம் வராது. மாதக்கணக்கில் கிடந்துவிட்டு எழும் படங்கள் உண்டு. அதனால் பண்டிகைப் படங்களை முந்தைய நாள் போடுவது வீண்வேலை. நவராத்திரிக்குரியதை ஜூலை, ஆகஸ்டிலேயே போட்டால்தான் கோடுகள் விழ நேரம் கிடைக்கும். கொலுவுக்கு யோசனை தேடுகிறவர்களும் அப்போதே தேடத் தொடங்கிவிடுகிறார்கள். நிமிர்ந்த, இரண்டுக்கு மூன்று விகிதப் படத்தை, 1000க்கு 1500 பிக்சல் அளவை, பின்டரெஸ்ட் பரிந்துரைக்கிறது. கைபேசித் திரை நெட்டையானது, இடம் அதிகம் கிடைக்கும் என்பதற்கு மேல் அதில் ரகசியம் ஒன்றுமில்லை.

ஒரு மூடநம்பிக்கையையும் இங்கே தட்டிவிடலாம். பின்டரெஸ்டில் நூற்றுக்கணக்கில் படம் போட்டால், அங்கிருந்து வரும் சுட்டிகளால் கூகுளில் நம் தளம் மேலே ஏறும் என்று சொல்லிப் பணம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். பின்டரெஸ்ட் 2012லேயே தன் சுட்டிகளுக்கு 'பின்தொடராதே' குறியைப் போட்டுவிட்டது. விளம்பரக் குப்பையைத் தடுக்க 2005இல் கூகுளும் மற்றத் தேடல் நிறுவனங்களும் கொண்டுவந்த குறி அது. தேடல் வரிசைக்கு இந்தச் சுட்டியை ஓட்டாக எண்ணாதே என்று பொருள். அங்கிருந்து வருவது ஆட்கள்தான், ஓட்டு இல்லை.

இப்போது எது ஆளைக் கூட்டி வருகிறது என்ற கேள்வி. இதற்கு நல்ல விடையைப் பொறியாளர்களுக்கு முன்பே நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள் என்பது என் எண்ணம். லெஸ்லி கெல்லி என்ற ஒளிப்படக்காரர், தன் படங்களின் சிறுபடங்களைத் தேடல் பொறி காட்டுகிறது என்று வழக்குப் போட்டார். சான் பிரான்சிஸ்கோவைத் தலைமையிடமாகக் கொண்ட ஒன்பதாம் சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2003இல், சிறுபடம் மூலப்படத்துக்கு மாற்று ஆகாது, ஆகவே அது நியாயமான பயன்பாடு என்றது. 2007இல் கூகுள் தொடர்பான வழக்கிலும் அதே நீதிமன்றம், தேடலில் தெரியும் சிறுபடம் தகவல் இருக்கும் இடத்தைச் சுட்டும் குறியாக மாறிவிடுகிறது என்ற வாதத்தை ஏற்றது. சுட்டுகிறதா, மாற்றாகிறதா? இந்த ஒரு கோடுதான் எல்லை. சட்டத்துக்கு மட்டுமல்ல, வருகைக்கும்.

கூகுள் படத்தேடலின் வரலாறே இதற்குச் சாட்சி. 2001இல் தொடங்கியபோது அது 25 கோடிப் படங்களைச் சிறுபடமாகக் காட்டி, பெரிதாகப் பார்க்க வேண்டுமானால் தளத்துக்கு அனுப்பியது. 2013இல் பெரிய படத்தைத் தன் பக்கத்திலேயே காட்டத் தொடங்கியதும் தளங்களுக்குப் போகிறவர்கள் குறைந்தார்கள். கெட்டி இமேஜஸ் நிறுவனம் ஐரோப்பிய ஆணையத்திடம் புகார் கொடுத்தது. 2018 பிப்ரவரியில், கெட்டியுடன் ஒப்பந்தம் செய்துகொண்ட கையோடு, படத்தை மட்டும் தனியே திறக்கும் பொத்தானை கூகுள் நீக்கியது. தேடுகிறவர்கள் திட்டினார்கள், தளக்காரர்கள் மூச்சுவிட்டார்கள்.

பகிரும் தளங்களும் இந்த எல்லையின் இரு பக்கமும் ஆடிக்கொண்டே இருக்கின்றன. இன்ஸ்டாகிராம் பதிவின் விளக்கத்தில் போடும் முகவரியைத் தொட்டால் பொதுவாகத் திறக்காது; ஆட்கள் அங்கேயே இருக்க வேண்டும் என்பதுதான் அதன் கொள்கை. ஸ்டோரியில் சுட்டி போடும் வசதியைக்கூட 2021 அக்டோபரில்தான் எல்லோருக்கும் திறந்தது. பின்டரெஸ்டே 2021இல் சுட்டியில்லாத பதிவு வகையொன்றைக் கொண்டுவந்து, தளக்காரர்களிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு, 2023இல் எல்லா வகைக்கும் சுட்டி வைத்தது. இப்போது செயற்கை நுண்ணறிவு வரைந்த, யாரும் சமைக்காத உணவின் படங்கள் அங்கே குவிகின்றன. 2025இல் அவற்றுக்கு அடையாளச் சீட்டு ஒட்டத் தொடங்கினார்கள். அப்படிப்பட்ட படத்தைத் தொட்டுப் போனவர் ஏமாந்து திரும்பினால், அடுத்த முறை உண்மையான சமையல்காரரின் படத்தையும் தொடமாட்டார். என்னைக் கேட்டால், இன்றைய சிறு தளங்களுக்கு இதுவே பெரிய ஆபத்து.

அப்படியானால் நம் கையில் இருப்பது, எந்தப் படத்தைக் கொடுக்கிறோம் என்பது. ஓட்டல் வாசலில் எழுதி வைக்கும் 'இன்றைய ஸ்பெஷல்' பலகை பசியைக் கிளப்ப வேண்டும், ஆற்றிவிடக் கூடாது. முறுக்குச் செய்முறை முழுவதையும், மாவு அளவு உட்பட, ஒரே படத்தில் அடைத்துப் பகிர்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆயிரம் பேர் சேமிப்பார்கள், ஒருவரும் வரமாட்டார்கள், படமே மாற்றாகிவிட்டது. வெறும் முறுக்குத் தட்டின் படமும் ஆளை அழைப்பதில்லை. அதில் கேள்வியே இல்லை. பிழியும்போது ஏன் உடைகிறது என்று காட்டும் படம், உடைந்த ஒன்றும் உடையாத ஒன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் படம், ஆளை நிச்சயம் பக்கத்துக்குக் கொண்டுவரும். விடை பக்கத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். கொலுவும் அப்படியே. ஏழு படி அலங்காரத்தைப் பார்த்து மகிழ்ந்து நகர்ந்துவிடுவார்கள். அமெரிக்க அடுக்ககத்தில் பிளாஸ்டிக் பெட்டிகளை அடுக்கி, வெள்ளைத் துணி விரிப்பதற்கு முந்தைய நிலையில் எடுத்த படம் அப்படியல்ல. எந்த அளவுப் பெட்டி, எத்தனை, சரியாமல் எப்படி நின்றது என்று அறிய வருவார்கள்.

தமிழர்களைப் பொறுத்தவரை பின்டரெஸ்டைவிட வாட்ஸ்அப் பெரிய படப்பகிர்வுத் தளம் என்பதையும் மறக்கக் கூடாது. அதுவும் பே ஏரியாவில் பிறந்ததுதான். குடும்பக் குழுவில் உங்கள் பக்கத்தின் முகவரியை ஒட்டினால் மேலே ஒரு படம் தெரிகிறதே, அது தானாக வருவதில்லை. 2010இல் ஃபேஸ்புக் கொண்டுவந்த ஓபன் கிராஃப் குறிகளில் ஒன்று, இந்தப் பக்கத்துக்கு முகம் இந்தப் படம் என்று சொல்கிறது. அந்த ஒரு வரி இல்லாவிட்டால், அல்லது படம் அளவுக்கு மீறிக் கனமாக இருந்தால், வெறும் எழுத்துச் சுட்டிதான் போய்ச் சேரும். அத்தை, சித்தப்பா யாரும் தொடமாட்டார்கள். வாட்ஸ்அப்பில் இருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் எங்கிருந்து வந்தோம் என்ற தடம் இல்லாமல் வருவதால், வருகைக் கணக்கில் அவர்கள் நேரடியாக வந்தவர்களாகவே தெரிவார்கள். பலர் தங்கள் படங்களின் பலனைக் குறைத்து மதிப்பிடுவதற்கு இது ஒரு காரணம்.

கடைசியாக, ஆங்கிலத்தோடு பிறந்த கண்ணுக்கு வருகிறேன். சுங்குடிச் சேலையையும் செட்டிநாட்டுக் கொட்டானையும் படிக்கோலத்தையும் இயந்திரம் எந்தப் பெயரில் அடுக்குகிறது என்பதை, அவற்றைச் சேமிக்கிறவர்கள் வைக்கும் போர்டுப் பெயர்களும் தளக்காரர்கள் எழுதும் மாற்று விளக்கமும்தான் தீர்மானிக்கின்றன. மாற்று விளக்கம் என்பது படத்தைப் பார்க்க முடியாதவருக்குத் திரைவாசிப்பான் படித்துச் சொல்வதற்கென்று வைத்த வரி. இயந்திரமும் அதைப் படிக்கிறது. பெரும்பாலான தமிழ்த் தளங்களில் அந்த வரி வெறுமையாகவோ, கேமரா கொடுத்த கோப்பு எண்ணாகவோ இருக்கிறது. தளம் நடத்துகிறவர்கள் அங்கே தமிழில் ஒரு முழு வாக்கியம் எழுதுங்கள். படம் சேமிக்கிறவர்கள் போர்டுக்கு 'ரங்கோலி' என்று வைக்காமல் 'கோலம்' என்றே வையுங்கள். இரண்டுக்கும் காசு செலவில்லை.